தொலைவிலுள்ள ஆபத்தும் கையிலுள்ள பொறுப்பும்

மகாராஷ்டிர மாநிலத்தின் புல்டாணா மாவட்டத்தில் லோணார் என்ற சிற்றூர் உள்ளது. அதன் அருகே, எரிமலைப் பாறையில் குடைந்து வைத்த பெரிய கிண்ணம் போல, வட்டமான ஏரி ஒன்று அமைந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர். சுற்றிலும் பழைய கோயில்கள் பல உள்ளன. அங்கு செல்லும் யாத்திரிகர்களுள் பலருக்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். அந்தப் பள்ளத்தை உண்டாக்கியது ஆறும் அன்று, எரிமலையும் அன்று. வானிலிருந்து வந்து மோதிய ஒரு கல்லே அதனை உண்டாக்கியது.

பூமி பாதுகாப்பான ஓர் அறைக்குள் வைக்கப்பட்ட பொருள் அன்று. எல்லையற்ற வெளியில் மிதக்கும் ஒரு சிறு கோளம் என்பதை லோணார் நினைவூட்டுகிறது. இந்த நினைவு மனிதனைப் பணிவுள்ளவனாக்க வேண்டும். ஆனால் சிலரிடம் அது வேறொரு முடிவுக்கு இட்டுச் செல்கிறது. 'என்றோ ஒரு நாள் ஒரு விண்கல்லோ, வெடிக்கும் ஒரு விண்மீனோ, வீங்கிப் பெருக்கும் கதிரவனோ இந்தப் பூமியை அழிக்கத்தான் போகிறது. அப்படியிருக்க, வெப்பம் ஒரு டிகிரி கூடியது, இரண்டு டிகிரி கூடியது என்று கவலைப்படுவதில் என்ன பொருள்?' என்று அவர்கள் கேட்கின்றனர்.

கேள்வி ஆழமானது போலத் தோன்றுகிறது. அது உண்மையிலேயே ஆழமானதா, அல்லது கடமையிலிருந்து விலகிக்கொள்ள மனம் தேடும் ஒரு வழியா என்று ஆராய வேண்டும். அதற்கு முதலில், வானிலிருந்து வரக்கூடிய ஆபத்துகள் யாவை, அவை உயிர்களை எவ்வாறு தாக்குகின்றன என்று அறிதல் அவசியம்.

வானிலிருந்து வரக்கூடியவை

முதலாவது, சிறுகோள்களும் வால்நட்சத்திரங்களும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அளவுள்ள ஒரு சிறுகோள் இன்றைய மெக்சிகோ நாட்டின் யுகடான் பகுதியில் மோதியது. லூயிஸ் ஆல்வாரெஸ், அவருடைய மகன் வால்டர் ஆல்வாரெஸ் ஆகியோரும் அவர்களுடைய துணை ஆய்வாளர்களும் 1980-இல் சிறுகோள் மோதல் என்ற கருத்தை வெளியிட்டனர். அந்தக் காலத்துக் களிமண் படிவில், பூமியின் மேற்பரப்பில் அரிதாகக் கிடைக்கும் இரிடியம் என்ற உலோகம் மிகுந்திருந்ததே அவர்களுக்குக் கிடைத்த தடயம். அந்த மோதலை ஒட்டி டைனோசர்கள் உட்பட அன்றைய உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மறைந்தன. டைனோசர் வழியில் பறவைகள் மட்டுமே எஞ்சின.

இத்தகைய பெருமோதல் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழக்கூடியது. சிறிய கற்கள் இன்னும் அடிக்கடி வருகின்றன. 1908-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்கா பகுதியில் வானிலேயே வெடித்த ஒரு விண்பொருள் 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காட்டைச் சாய்த்தது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் சுமார் 20 மீட்டர் அளவுள்ள கல் வெடித்தபோது, ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் உடைந்து சிதறிய ஜன்னல் கண்ணாடிகளால் காயமுற்றவர்கள்.

இரண்டாவது, சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பு. திருவாதிரை என்று தமிழர் போற்றும் செந்நிற விண்மீன் தன் வாழ்நாளின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறது. இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் அது வெடிக்கக்கூடும் என்று வானியலார் கருதுகின்றனர். ஆயினும் அது 500 முதல் 700 ஒளி ஆண்டுகள் தொலைவில் உள்ளது. வெடித்தால் பகலிலும் கண்ணுக்குத் தெரியும். உயிர்களுக்குத் தீங்கு நேராது. சில பத்து ஒளி ஆண்டுகளுக்குள் உள்ள விண்மீன் வெடித்தால்தான் ஆபத்து. அந்த எல்லைக்குள் விரைவில் வெடிக்கக்கூடிய விண்மீன் எதுவும் இல்லை. சுமார் 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓரளவு அருகில் நிகழ்ந்த வெடிப்பின் எச்சமாக, ஒருவகைக் கதிரியக்க இரும்பு ஆழ்கடல் படிவுகளில் கிடைத்திருக்கிறது. அந்த வெடிப்பைக் கடந்து உயிர் நிலைத்தது.

மூன்றாவது, கதிரவன். இது ஒன்றே உறுதியாக நிகழப்போவது. கதிரவனின் ஒளி ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்குப் பத்துச் சதவீதம் என்ற அளவில் மெல்ல மெல்லக் கூடிவருகிறது. இன்னும் சுமார் நூறு கோடி ஆண்டுகளில் பூமியின் கடல்கள் நிலைக்க முடியாத அளவுக்கு வெப்பம் உயரும். சுமார் ஐந்நூறு கோடி ஆண்டுகளில் கதிரவன் தன் எரிபொருளைத் தீர்த்துச் செம்பூதமாக விரிவடையும்.

வாசல் ஒன்றே

மேலே கூறிய மூன்று ஆபத்துகளும் ஒன்றற்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். ஒன்று பாறை, மற்றொன்று கதிர்வீச்சு, இன்னொன்று வெப்பம். ஆனால் அவை உயிர்களை அழிக்கும் முறையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலப்படும்.

யுகடானில் மோதிய சிறுகோள் தன் அடியால் மட்டும் உலகெங்கும் உள்ள உயிர்களைக் கொன்றுவிடவில்லை. மோதலில் எழுந்த தூசியும், கரியும், கந்தகத் துளிகளும் வானத்தை மூடின. கதிரொளி மறைந்தது; குளிர் சூழ்ந்தது; செடிகொடிகளும் கடலின் நுண்தாவரங்களும் உணவு தயாரிக்க இயலாமல் மடிந்தன. அவற்றை உண்டு வாழ்ந்தவை பட்டினியால் மாண்டன. மோதிய இடத்திற்கு வெகு தொலைவில் இருந்த உயிர்களை அழித்தது, கல் உண்டாக்கிய பருவநிலை மாற்றமே.

அருகில் ஒரு விண்மீன் வெடித்தாலும் அப்படித்தான். அதன் கதிர்வீச்சு காற்றிலுள்ள நைட்ரஜனை ஆக்சிஜனோடு சேரச் செய்து நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்கும். அவை ஓசோன் படலத்தைச் சிதைக்கும். பிறகு உயிர்களைத் தாக்குவது அந்த விண்மீன் அன்று. தினமும் உதிக்கும் நம் கதிரவனின் புற ஊதாக் கதிர்களே. கதிரவன் வெப்பம் மிகுந்து கடல்களை ஆவியாக்கும்போதும், அந்த நீராவி வாயுமண்டலத்தில் சேர்ந்து மேலும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதாலேயே நிலைமை முற்றும்.

ஆக, ஆபத்து எங்கிருந்து புறப்பட்டாலும் அது உள்ளே நுழையும் வாசல் ஒன்றே. அது பூமியைப் போர்த்தியிருக்கும் வாயுமண்டலத்தின் சமநிலை. அந்தப் போர்வை இல்லாவிடில் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சுமார் 18 டிகிரி செல்சியஸ் இருந்திருக்கும். நீராவியும் கரியமில வாயுவும் பிறவும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதால்தான் அது சுமார் 15 டிகிரி என்ற இதமான நிலையில் இருக்கிறது. அந்தப் போர்வை அளவுக்கு மீறினால் என்னவாகும் என்பதற்கு வெள்ளிக் கோள் சான்று. அதன் வாயுமண்டலத்தில் 96 சதவீதம் கரியமில வாயு; அதன் தரையின் வெப்பம் 460 டிகிரிக்கு மேல்.

இந்த வாசலை வெளியிலிருந்து உடைக்கக்கூடிய சக்திகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகின்றன. அதே வாசலை உள்ளிருந்து திறந்துகொண்டிருப்பவன் மனிதன்.

மனிதன் கையால் நிகழ்வது

வாயுமண்டலம் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்ற கருத்தை 1824-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வெளியிட்டார். கரியமில வாயு நிறைந்த கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடேறுவதை 1856-இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட் சோதனையால் காட்டினார். எந்தெந்த வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுகின்றன என்பதை 1859 முதல் ஜான் டிண்டால் அளந்தார். நிலக்கரியை எரிப்பதால் பூமியின் வெப்பம் எவ்வளவு கூடும் என்ற கணக்கை 1896-இல் சுவீடனின் அர்ரேனியஸ் போட்டுப் பார்த்தார். எனவே இது அண்மையில் கிளம்பிய அச்சம் அன்று. இரு நூற்றாண்டு வயதுள்ள அறிவு.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315 பங்காக இருந்தது. 2024-இல் அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. எரிபொருள்களிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. இவ்வாறு சேரும் வெப்பத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கடலுக்குள் செல்கிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, 1850-1900 காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம்.

இந்த எண்களைக் கதிரவனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பூமி கதிரவனிடமிருந்து ஏற்றுக்கொள்ளும் ஆற்றல், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சராசரியாக ஏறத்தாழ 240 வாட். 1750 முதல் 2019 வரை மனிதச் செயல்களால் கூடிய வெப்பத் தாக்கம், ஐ.நா.வின் பருவநிலைக் குழு மதிப்பிட்டபடி, சதுர மீட்டருக்குச் சுமார் 2.7 வாட். அதாவது ஒரு சதவீதத்திற்குச் சற்று அதிகம். கதிரவன் தன் இயல்பான வளர்ச்சியில் ஒரு சதவீதம் ஒளி கூடுவதற்கு ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகள் ஆகும். ஒரு விண்மீன் பத்துக் கோடி ஆண்டுகளில் பூமிக்குச் செய்யக்கூடிய அளவு மாற்றத்தை, மனிதன் முந்நூறு ஆண்டுகளுக்குள் செய்துவிட்டான்.

'கதிரவன் சூடாகிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பூமியும் சூடாகிறது' என்று சொல்வோர்க்கும் இதிலேயே விடை உண்டு. இரு நூறு ஆண்டுகளில் கதிரவனின் ஒளி இயல்பாகக் கூடியிருக்கக்கூடிய அளவு, ஒரு சதவீதத்தின் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் அது கூடிக் குறையும் அளவும் ஏறத்தாழ 0.1 சதவீதம்தான். மேலும், கதிரவனே காரணமாயின் வாயுமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருங்கே சூடாக வேண்டும். அளந்து பார்த்ததில் கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. கீழே உள்ள போர்வை தடித்திருப்பதன் அடையாளம் இது.

மூன்று அளவுகோல்கள்

ஓர் ஆபத்தை எடைபோடும்போது, 'அது எவ்வளவு பெரியது?' என்று மட்டும் கேட்பது போதாது. மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: எப்போது? எவ்வளவு உறுதி? யார் கையில்?

காலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கதிரவனால் வரும் ஆபத்துக்கு இன்னும் சுமார் நூறு கோடி ஆண்டுகள் உள்ளன. மனித இனம் இதுவரை வாழ்ந்த காலத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கும் அதிகமான காலம் அது. பருவநிலை மாற்றமோ இன்று பள்ளியில் படிக்கும் குழந்தையின் வாழ்நாளுக்குள் நிகழ்வது. இந்து குஷ் - இமயமலைப் பகுதியின் பனிப்பாறைகள், 2000-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட காலத்தைவிட அடுத்த பத்தாண்டில் 65 சதவீதம் விரைவாகக் கரைந்தன என்று காத்மாண்டுவில் உள்ள பன்னாட்டு மலை ஆய்வு மையம் 2023-இல் அறிவித்தது. 2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனிப்பாறை ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றில் கட்டியிருந்த பெரிய அணையையே அடித்துச் சென்றது.

அடுத்தது உறுதி. இங்கு கவனிக்கத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. 2024 டிசம்பர் இறுதியில் ஒரு சிறுகோள் கண்டறியப்பட்டது. அது 2032-இல் பூமியில் மோதுவதற்கான நிகழ்தகவு, 2025 பிப்ரவரியில் மூன்று சதவீதத்தைத் தொட்டது. உலகெங்கும் செய்தித்தாள்கள் பரபரப்பாயின. சில நாட்களில் மேலும் அளவீடுகள் வந்ததும் அந்த நிகழ்தகவு ஏறக்குறைய பூச்சியமாகிவிட்டது. 2004-இல் கண்டுபிடிக்கப்பட்ட அபோஃபிஸ் என்ற சிறுகோளின் கதையும் இதுவே. 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும். ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மோத வாய்ப்பில்லை என்று 2021-இல் உறுதியாயிற்று.

பருவநிலை விஷயத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 1995-இல், மனிதச் செயலின் தாக்கம் தென்படுவதாகச் சான்றுகள் சுட்டுகின்றன என்று மட்டும் கூறியது. 2001-இல் அண்மைக்கால வெப்ப உயர்வின் பெரும்பகுதிக்கு மனிதனே காரணம் என்பதை 66 சதவீதத்துக்கு மேலான உறுதியுடனும், 2007-இல் 90 சதவீதத்துக்கு மேலான உறுதியுடனும், 2013-இல் 95 சதவீதத்துக்கு மேலான உறுதியுடனும் கூறியது. 2021-இல், மனிதன் பூமியைச் சூடாக்கியிருப்பது ஐயத்திற்கு இடமற்றது என்று அறிவித்தது. அறிவு பெருகப் பெருக ஓர் அச்சம் கலைகிறது. மற்றோர் அச்சம் உறுதிப்படுகிறது. இருளில் பாம்பு என்று கண்டதை விளக்கேற்றிப் பார்க்கிறோம். கயிறாக இருந்தால் அச்சம் நீங்கும். பாம்பாகவே இருந்தால் விளக்கின் பயன் வேறு.

மூன்றாவதும் முக்கியமானதுமான கேள்வி, யார் கையில் என்பது. விண்மீன் வெடிப்பதை மனிதன் தூண்டவும் இல்லை, தடுக்கவும் இயலாது. அங்கு அவன் சாட்சி மட்டுமே. பருவநிலை மாற்றத்திலோ அவனே கர்த்தா. தானே செய்யும் செயலின் விளைவை விதி என்று சொல்வது, விதியைப் பற்றிய அறிவும் அன்று. செயலைப் பற்றிய அறிவும் அன்று.

ஆட்சேபங்களும் விடைகளும்

ஆட்சேபம் 1: எப்படியும் பூமி அழியப்போகிறது. நிலையற்ற ஒன்றின் மீது இவ்வளவு பற்று எதற்கு?

விடை: நிலையாமையை அறிந்தவன் கடமையைக் கைவிடுவதில்லை. மகன் காய்ச்சலில் கிடக்கும்போது, 'எப்படியும் ஒருநாள் மரணம் உண்டு' என்று எந்தத் தாயும் மருந்தை எடுத்து வைத்துவிடுவதில்லை. மரணம் உறுதி என்பது உண்மை; இன்று காய்ச்சலுக்கு மருந்து தர வேண்டும் என்பதும் உண்மை. ஓர் உண்மை மற்றோர் உண்மையை விலக்காது. பற்றின்மை வேறு, அக்கறையின்மை வேறு. பற்றில்லாதவன் தன் நலத்தை விடுகிறான். அக்கறையில்லாதவன் பிறர் நலத்தை விடுகிறான். பேச்சில் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. இந்த வாதத்தைச் சொல்பவர் தம் வீட்டுக் கூரை ஒழுகும்போது என்ன செய்கிறார் என்று பார்த்தால், அவரிடம் இருப்பது எது என்று தெரிந்துவிடும்.

ஆட்சேபம் 2: பூமியின் பருவநிலை முன்பும் பலமுறை மாறியிருக்கிறது. உயிர் அழிந்துவிடவில்லையே?

விடை: மாறியது உண்மை, அந்த மாற்றங்களின் வரலாறு ஆறுதல் தருவதாக இல்லை என்பதும் உண்மை. சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைகள் நெடுங்காலம் பொங்கி வழிந்தன. அவை கக்கிய வாயுக்களால் பூமி சூடேறியது. கடல் அமிலத்தன்மை அடைந்து ஆக்சிஜனை இழந்தது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அழிந்தன. உயிர் வரலாற்றின் மிகப்பெரிய பேரழிவு இதுவே. இதனைச் செய்தது வானிலிருந்து வந்த கல் அன்று. நிலத்தடியிலிருந்து காற்றுக்குச் சென்ற கரி. பின்னர் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி 5 டிகிரிக்கு மேல் சூடேறிய ஒரு காலமும் உண்டு. அன்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் காற்றில் சேர்ந்த கரி, இன்று அதைவிடப் பன்மடங்கு வேகத்தில் சேர்கிறது.

ஒவ்வொரு முறையும் உயிர் என்பது எஞ்சியது. வாழ்ந்துகொண்டிருந்த உயிர்களில் பல எஞ்சவில்லை. மேலும், உழவும் ஊரும் எழுத்தும் தோன்றி வளர்ந்தது பருவநிலை பெரிதும் சீராக இருந்த சென்ற பத்தாயிரம் ஆண்டுகளுக்குள்தான். பூமி தப்பிக்கும் என்பது சரி. கேட்க வேண்டிய கேள்வி, சுந்தரவனத்தின் தீவுகளில் நெல் பயிரிடும் குடும்பம் தப்பிக்குமா என்பதே.

ஆட்சேபம் 3: பெரும் மாசு செய்தவை செல்வ நாடுகள். அவற்றின் கடமையை மற்றவர் ஏன் சுமக்க வேண்டும்?

விடை: இதில் நியாயம் உண்டு. எரிபொருளால் வெளிவரும் கரியமில வாயு, அமெரிக்காவில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன். உலகச் சராசரி ஏறத்தாழ 4.7 டன், இந்தியாவில் சுமார் 2 டன். 1992-இல் ரியோ நகரில் உருவான உடன்படிக்கை, பொறுப்பு அனைவருக்கும் பொது, ஆனால் அளவில் வேறுபட்டது என்ற நெறியை ஏற்றுக்கொண்டது. சிறு பங்கு உடையவனுக்குச் சிறு கடமை. அது கடமையின்மை ஆகாது. தவிர, நாடு என்ற சராசரிக்குள் மறைந்துகொள்ளவும் கூடாது. அந்த 2 டன் என்பது குளிர்சாதன அறையில் வாழ்பவரையும், விறகடுப்பில் சமைப்பவரையும் கூட்டி வகுத்த எண். சென்னையிலோ மும்பையிலோ ஒருவர் எவ்வளவு செலவிடுகிறார் என்பதை அவருடைய வீட்டு மின்கட்டணச் சீட்டு சொல்லும்.

கை வைத்தால் முடியும்

மனிதன் இந்தப் பொறுப்பை நிறைவேற்ற வல்லவனா என்ற ஐயம் எழலாம். அதற்கு மூன்று சான்றுகள் போதும்.

முதற்சான்று ஓசோன். அருகில் விண்மீன் வெடித்தால் அழியக்கூடியது ஓசோன் படலம் என்று பார்த்தோம். அந்த அழிவை மனிதனே குளிர்பதனப் பெட்டியாலும் நறுமணத் தெளிப்பான்களாலும் தொடங்கிவைத்தான். அவற்றில் பயன்பட்ட வாயுக்கள் ஓசோனைச் சிதைக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தனர். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் துளை இருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று; பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. படலம் இப்போது மெல்ல மீண்டு வருகிறது; அண்டார்டிகாவிலும் 2066-ஐ ஒட்டி 1980-இன் நிலையை அடையும் என்று மதிப்பிடப்படுகிறது. விண்மீன் செய்திருந்தால் செய்வதறியாது நின்றிருப்போம். நாமே செய்ததால் நாமே நிறுத்தவும் முடிந்தது.

இரண்டாவது சான்று வானிலேயே உள்ளது. 2022 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபாஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. அந்தச் சிறுகோள் தன் துணைக்கோளாக இருந்து பெரிய சிறுகோளைச் சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. மோதலுக்குப் பின் அதில் அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. வானிலுள்ள ஒரு பொருளின் பாதையை மனிதன் மாற்றியது அதுவே முதல்முறை. ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள, பூமிக்கு அருகில் வரும் சிறுகோள்களில் 90 சதவீதத்திற்கும் மேல் கண்டறியப்பட்டுவிட்டன. எனவே வானத்தைக் கண்காணிப்பதும் காற்றைக் காப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியானவை அல்ல. வரப்போவதை முன்னரே அறிந்து காக்கும் ஒரே பண்பின் இரு செயல்கள் அவை.

மூன்றாவது சான்று அகமதாபாத். 2010 மே மாதத்தில் அந்நகரில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்தில் இயல்பைவிட 1,300-க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்கள் நிகழ்ந்தன என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 2013-இல் அந்நகராட்சி தெற்காசியாவிலேயே முதன்முறையாக ஒரு வெப்பத் தடுப்புத் திட்டத்தைத் தீட்டியது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, தெருக்களில் குடிநீர் என்று எளிய ஏற்பாடுகளே அதில் இருந்தன. ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதும் பின்னர் சேர்ந்தது. இன்று பல மாநிலங்களும் நகரங்களும் அதைப் பின்பற்றுகின்றன. கரியமில வாயுவின் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றில் தங்கும். ஆதலால் வெளியேற்றத்தைக் குறைப்பதோடு, வந்துவிட்ட வெப்பத்திலிருந்து எளியோரைக் காப்பதும் கடமையாகிறது.

முடிவாக

அண்டத்தின் விரிவை நினைப்பது நல்லது. அது அகந்தையைக் குறைக்கிறது. ஆனால் அந்த விரிவை நினைத்து, அருகில் இருப்பவனின் துன்பம் சிறிது என்று முடிவு செய்தால், அகந்தை குறையவில்லை, இரக்கம்தான் குறைந்தது. கோடிக்கணக்கான விண்மீன்களுக்கிடையே உயிர் இருப்பதாக இதுவரை உறுதியாகத் தெரிந்த இடம் பூமி ஒன்றே. இவ்வளவு பெரிய வெளியில் இவ்வளவு அரிதான ஒன்றை ஒப்படைத்திருக்கும்போது, வெளியின் பெருமை பொருளின் மதிப்பைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது.

தன் கையில் இல்லாததை அமைதியோடு ஏற்பதும், தன் கையில் உள்ளதைச் சோர்வின்றிச் செய்வதும், இரண்டையும் பிரித்தறிவதுமே விவேகம். கதிரவனின் முடிவு முதல் வகை. காற்றின் நிலை இரண்டாம் வகை. முதல் வகையைக் காட்டி இரண்டாம் வகையைத் தள்ளிவைக்கும்போது, ஏற்க வேண்டியதை ஏற்றதாகவும் ஆவதில்லை. செய்ய வேண்டியதைச் செய்ததாகவும் ஆவதில்லை.

சிந்தனைக்கு

1. சிறுகோள் மோதல், விண்மீன் வெடிப்பு, கதிரவனின் வளர்ச்சி ஆகிய மூன்றும் உயிர்களைத் தாக்கும் பொது வழி எது?

2. அறிவு வளர வளர ஓர் அச்சம் குறைவதற்கும் மற்றோர் அச்சம் உறுதிப்படுவதற்கும் கட்டுரையில் கூறப்பட்ட உதாரணங்கள் யாவை? அன்றாட வாழ்விலிருந்து ஓர் உதாரணம் கூறுக.

3. பற்றின்மைக்கும் அக்கறையின்மைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக. ஒருவருடைய செயலிலிருந்து அதை எப்படி அறியலாம்?

4. கடந்த ஓராண்டின் மின்கட்டணச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு குடும்பத்தினரோடு அமர்ந்து பார்க்கவும். எந்தச் செலவு தேவையால் வந்தது, எது பழக்கத்தால் வந்தது?